கைக்குழந்தையோடு காரில் நெடுந்தூரம்

மேப்பில் எட்டு மணி நேரம் என்று காட்டினால், கைக்குழந்தை இருக்கும் வண்டிக்கு அது பன்னிரண்டு மணி நேரம். கிளம்பும் முன்பே இதை ஒத்துக்கொண்டுவிட்டால் பயணத்தில் பாதி பதற்றம் போய்விடும். மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம். நானும் கணவரும் மாறி மாறி ஓட்டுவது, பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் என் மாமியார் உட்காருவது என்று ஏற்பாடு. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

எத்தனை மணிக்கு வந்து சேருவோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. "கிளம்பிட்டோம், பாப்பா விடுறபடி வந்துடுவோம்" என்று மட்டும் சொல்லியிருந்தோம். அங்கே யாரோ சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தாலே வண்டியின் வேகம் தானாகக் கூடிவிடும். அழுகிற பிள்ளையிடம் "இன்னும் கொஞ்ச தூரம்தான்டா தங்கம்" என்று சொல்லிக்கொண்டே நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிடுவோம். ஐந்து மாதக் குழந்தைக்குக் கொஞ்ச தூரம், நிறைய தூரம் என்று ஏதும் கிடையாது. இந்த நிமிடம் உடம்பு சௌகரியமாக இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டில் நடந்த பெரிய பேச்சு, குழந்தைக்கென்று வண்டியில் தனியாக மாட்டும் கார் சீட்டைப் பற்றி. அத்தைக்கு அது பிடிக்கவே இல்லை. "இவ்வளவு பெல்ட்டுல கட்டிப்போடணுமா பச்சப்புள்ளைய? என் மடியை விடவா அது பத்திரம்? நாலு புள்ளைய மடியில வெச்சே ஊர் ஊரா போயிருக்கேன்மா" என்றார். அந்தப் பேச்சில் இருந்தது முழுக்கப் பாசம். அதனால் அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அந்த வேகத்தில் போகிற வண்டி எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவை எல்லாம் தங்கள் எடையைப் போல 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். அப்போது 7 கிலோ எடையுள்ள எங்கள் மகளைக் கையால் பிடித்து நிறுத்துவது, ஏறத்தாழ 100 கிலோ மூட்டையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். அந்தப் பலம் அத்தைக்கு மட்டுமில்லை, என் கணவருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. வைத்திருப்பவரே பெல்ட் போடவில்லை என்றால், அவருடைய மொத்த எடையும் குழந்தையின் மேல்தான் போய் விழும். இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் சுற்றினாலும் அதே கதிதான். பெல்ட்டுக்கும் பெரியவர் உடம்புக்கும் நடுவில் குழந்தை நசுங்கும். நெடுஞ்சாலையில் நாம் 50-இல் போவதுமில்லை. வேகம் இரட்டிப்பானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும்.

அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, அப்ப நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன், கையையாவது புடிச்சுக்கலாம்ல?" என்றார். தாராளமாக என்றேன். அவர் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் பயணத்துக்குப் பெரிய பலமாக இருந்தது.

சீட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். குழந்தையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான். கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது வண்டி மோதினால், உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், அந்தப் பெரிய தலை மட்டும் முன்னால் இழுபடும். பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் சீட்டின் சாய்மானம் ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் 1964-இல் இப்படிப்பட்ட முதல் மாதிரி சீட்டை வோல்வோ காரில் வைத்துச் சோதித்தார். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகால் விசையைத் தாங்கும்படி படுத்திருப்பதைப் பார்த்து வந்த யோசனை அது. 2013-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பாவின் ஆர்129 விதி, குறைந்தது 15 மாதம் வரைக்கும் பின்பக்கம் பார்த்துத்தான் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-இல் வயதுக் கணக்கையே எடுத்துவிட்டு, அந்த சீட் அனுமதிக்கும் உயரமோ எடையோ தாண்டும் வரை பின்பக்கமே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டது. முன்சீட்டில், ஏர்பேக் வேலை செய்யும் இடத்தில், பின்பக்கம் பார்க்கும் சீட்டை வைக்கவே கூடாது. விரிகிற ஏர்பேக் குழந்தையின் தலைக்குப் பின்னாலிருக்கும் சாய்மானத்தில் போய் அடிக்கும், அது உயிரையே எடுத்துவிடும்.

சீட் வாங்கி வைத்துவிட்டால் மட்டும் போதாது, மாட்டுவதில் நிறைய இருக்கிறது. பெல்ட் போகும் இடத்துக்குப் பக்கத்தில் சீட்டைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுக்க வேண்டும். கணவர் முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி அழுத்திக்கொள்ள, நான் பெல்ட்டை இழுப்பேன். ஒரே ஆள் செய்தால் அந்த இறுக்கம் வருவதில்லை.

குழந்தையை உட்கார வைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் அடிமுதுகு சீட்டில் நன்றாகப் பதிகிறதா என்று பார்ப்பேன். நடுவில் இடைவெளி இருந்தால் பிள்ளை கொஞ்ச நேரத்தில் சரிந்து கழுத்து மடிந்துவிடும். அப்புறம் இரண்டு கையையும் பட்டைக்குள் நுழைக்க வேண்டும். எங்கள் மகள் அந்த நேரம் பார்த்து முழங்கையை விறைத்துக்கொள்வாள். அவள் விரலைப் பிடித்து உள்ளே இழுக்காமல், என் கையைப் பட்டையின் வெளிப்பக்கத்திலிருந்து விட்டு, அவள் முழங்கையைத் தாங்கி மெதுவாக வெளியே கொண்டுவருவேன். பட்டை தோள்பட்டைக்கு நேராகவோ அதற்குச் சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முறுக்கு விழக் கூடாது. இறுக்கியபின் தோள் எலும்புக்கு மேலே பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். துணி மடிப்பாகக் கையில் வந்தால் தளர்வு என்று அர்த்தம், விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. கெட்டியான ஸ்வெட்டரோ பஞ்சு வைத்த சட்டையோ போட்டு இதைச் செய்யக் கூடாது. மோதலில் பஞ்சு அமுங்கிவிடும், அந்த அளவுக்குப் பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். குளிராக இருந்தால் மெல்லிய உடுப்போடு பட்டையைப் போட்டுவிட்டு, மேலே போர்த்தினால் போதும்.

இவ்வளவும் சொல்கிறேன், ஆனால் இதே சீட்டில் குழந்தையை மணிக்கணக்காக வைத்திருக்கவும் கூடாது. பலரும் இதை யோசிப்பதில்லை. தூங்கும்போது தலை முன்னால் சாய்ந்து தாடை மார்பில் பட்டுவிட்டால், சின்னக் குழந்தைகளின் மூச்சுப்பாதை குறுகிவிடும். எழுந்து தலையைச் சரிசெய்துகொள்ள அவர்களால் முடியாது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சீட்டில் வைக்காதீர்கள் என்கிறார்கள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு அதையும் விடக் குறைவாக, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று சொல்கிறார்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளையாக இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் நெடும்பயணம் வேண்டவே வேண்டாம்.

நாங்கள் ஒன்றரை மணி நேரத்திலேயே நிறுத்தினோம். அவள் தூங்கிக்கொண்டிருந்தாலும் நிறுத்தினோம். இதில் எனக்கும் கணவருக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. "நல்லா தூங்கறா, இந்தத் தூக்கத்துலயே அம்பது கிலோமீட்டர் போயிடலாமே" என்றார் அவர். தூங்கும்போதுதான் தலை சாய்கிறது என்பதால் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெளியே எடுத்ததும் தோளில் ஒரு நிமிடம் சிணுங்கினாள். டிக்கியைத் திறந்து, தயாராக வைத்திருந்த தடித்த விரிப்பைப் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தோம். அத்தை அவள் காலைப் பிடித்து சைக்கிள் ஓட்டுகிற மாதிரி மடக்கி நீட்டினார். கையை விரித்தார், இடுப்பை மெதுவாக உருட்டிவிட்டார். வண்டியில் அவ்வளவு நேரம் மடங்கிக் கிடந்த உடம்பு அப்படியே திறந்துகொண்டது. அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தைப் பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

பால் விஷயம். ஓடுகிற வண்டியில் பால் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தோம். தாய்ப்பால் கொடுக்க வேண்டுமானால் அவளைச் சீட்டிலிருந்து எடுத்தாக வேண்டும், அது ஆகாத காரியம். புட்டியில் கொடுத்தாலும் வண்டி குலுங்கும்போது புரையேறினால் உடனே தூக்க முடியாது. ஆக, பால் நேரமெல்லாம் நிறுத்தும் நேரம். குடித்து முடித்ததும் அவசரப்பட்டு சீட்டில் போடாமல் பதினைந்து இருபது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்து, ஏப்பம் விட்டபிறகுதான் மாட்டுவோம். வயிற்றை மடக்கி உட்காரும் இருக்கை அது, குடித்த கையோடு மாட்டினால் கக்கிவிடும்.

பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் 25 டிகிரிக்கு மேல் போகாத அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். ஐஸ் பொதியோடு மூடிய குளிர்ப்பையில் 24 மணி நேரம். மாவுப்பால் கொடுப்பவர்கள் வீட்டிலேயே கலந்து எடுத்துவர வேண்டாம். நன்றாகக் கொதித்த நீரை ஃபிளாஸ்கில் எடுத்துப்போய் அவ்வப்போது கலக்குவது நல்லது. மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்கி, அப்புறம் ஆற வைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கலந்த பாலை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், குடித்து மிச்சமானதைக் கொட்டிவிட வேண்டும். வெயிலில் போகிறோமே என்று ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

இனி அழுகை. வழியில் ஒரு நீண்ட மேம்பாலச் சாலை, நிறுத்தவே இடமில்லை, இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர், பின்னால் லாரிகள். அங்கே ஏறியதும் ஆரம்பித்தாள். முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்டு, முகம் சிவந்து, மூச்சைப் பிடித்துப் பிடித்து அழுதாள். அத்தை பாடினார், கிலுகிலுப்பையை ஆட்டினார், நெற்றியைத் தடவினார். ஒரு கட்டத்தில் அவர் கண்ணும் கலங்கிவிட்டது. கை தானாகவே பட்டையைக் கழற்றும் சிவப்புப் பக்கிளுக்குப் போனது. "ஒரு நிமிஷம் தூக்கிக்கறேனே, பாவம்மா" என்றார். முன்சீட்டிலிருந்து திரும்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம் அத்தை. அழட்டும். வண்டி நின்னதும் நீங்கதான் முதல்ல தூக்கணும்." அவரை விட எனக்கு அதிகமாகத் துடித்தது. பால் கட்டி மார்பு நனைந்துவிட்டது. ஆனால் பெல்ட்டோடு அழுகிற குழந்தை பத்திரமாக இருக்கிற குழந்தை. அந்தச் சாலையில் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது அதை மட்டும்தான்.

ஓட்டிக்கொண்டிருந்த கணவர் வேகத்தைக் கூட்டவில்லை. அதற்காக அவரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பின்னால் பிள்ளை வீறிடும்போது, முன்னால் ஓட்டுபவர் அடிக்கடி திரும்பிப் பார்ப்பதும் ஓட்டத்தைக் கூட்டுவதும் இயல்பு, ஆபத்தும் அதில்தான். அவர் ஒரே ஒரு வேலைதான் செய்ய வேண்டும், சாலையைப் பார்த்து ஓட்டுவது. குழந்தையைப் பார்க்க ஒரு ஆள் தனியாக வேண்டும். தனி ஆளாகக் குழந்தையோடு ஓட்ட நேர்ந்தால், அடிக்கடி நிறுத்துவதைத் தவிர வேறு வழி இல்லை.

பாலம் இறங்கி, சாலையை விட்டு விலகி, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தினோம். சாலையோரத்தில் வண்டிகள் பறக்கிற இடத்தில் நிறுத்துவது அழுகையைவிடப் பெரிய ஆபத்து. அத்தைதான் முதலில் தூக்கினார். தூக்கிய மறுநொடி அழுகை நின்றது. டயப்பர் காய்ந்திருந்தது. பால் குடித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பூச்சி கடித்திருக்கிறதா, பட்டை எங்காவது அழுத்தியிருக்கிறதா என்று உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. நிமிர்ந்து தோளில் கிடக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் நியாயமான காரணம்தானே? பெரியவர்களான நாமே அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இடுப்பு கேட்கிறது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பின்பக்கம் பார்க்கும் குழந்தைக்கு ஏசி காற்று நேராகப் போய்ச் சேராது. முன்னால் நமக்குக் குளிரும்போதும் அங்கே புழுங்கும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாமல் பிடரியிலோ மார்பிலோ கை வைத்துப் பார்க்க வேண்டும், அங்கே வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறைக்க வேண்டும். ஜன்னலுக்குத் திரை போடுவது நல்லது. சீட்டின் மேலேயே துணியைப் போட்டு மூடிவிடுவது கூடாது. உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறும், முகமும் கண்ணுக்குத் தெரியாது. வண்டி வெயிலில் நின்றிருந்தால், பக்கிளின் உலோகப் பகுதியைத் தொட்டுப் பார்க்காமல் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். முக்கியமாக, ஒரே நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று குழந்தையை நிறுத்திய வண்டியில் விட்டுப் போகவே கூடாது. வெயிலில் நிற்கும் கார் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி அளவுக்குச் சூடேறிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் மாறாது. சின்னக் குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும்.

ராத்திரியில் போனால் பிள்ளை தூங்கிவிடும் என்று பலரும் எங்களுக்கு யோசனை சொன்னார்கள். பிள்ளை தூங்கும், உண்மைதான். ஓட்டுபவர்? கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அப்பா அம்மா இருவருக்குமே மாதக்கணக்கில் தூக்கம் கடன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் கவனம் அளவுக்குக் குறைந்துவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் அந்த நிலையில்தான் ஓட்டுவார். நாங்கள் விடியற்காலை அவள் முதல் பாலைக் குடித்து முடித்ததும், இருவரும் தூங்கி எழுந்த தெளிவோடு கிளம்பினோம். பால் முடிந்து அவளுக்கு அடுத்த தூக்கம் வருகிற நேரம், வெயிலும் ஏறியிருக்காது.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வழக்கமாக ஒரு நாளுக்கு ஆகிற டயப்பரைப் போல ஒன்றரை மடங்கு, மாற்று உடுப்பு அவளுக்கும் எனக்கும், ஈரத்துணி, அழுக்கைப் போட மூடும் பை, காய்ச்சல் மானி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகள். எல்லாம் அத்தையின் காலடியில் ஒரே பையில். பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் எதையும் வைக்கவில்லை. திடீரென்று பிரேக் போட்டால் அங்கிருக்கும் தண்ணீர் பாட்டில்கூடப் பறந்து வந்து குழந்தையின் முகத்தில் அடிக்கும். மலைப்பாதையில் இறங்கும் இடத்தில் மட்டும் சூப்பானை வாயில் வைத்தோம். சப்பி விழுங்கும்போது காதுக்குள் அழுத்தம் சமமாகும், அடைப்பு தெரியாது.

போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. கடைசி அரை மணியில் மகள் தூங்கிப்போயிருந்தாள். வாசலில் காத்திருந்த எல்லோரும், "எழுப்பாதீங்க, அப்படியே சீட்டோட தூக்கிட்டு வந்து ஒரு ஓரமா வெச்சிடுங்க" என்றார்கள். நான் கேட்கவில்லை. வண்டிக்குள் சரியான சாய்வில் இருக்கும் அந்த சீட்டை வெறும் தரையில் வைத்தால் சாய்வு மாறிவிடும், தலை முன்னால் தொங்கும். தூங்குவதற்கு அது ஏற்ற இடம் கிடையாது. பட்டையைக் கழற்றித் தூக்கினேன். விழித்துக்கொண்டாள், அழுதாள், புது முகங்களைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள். உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் பால் கொடுத்து, சமமான மெத்தையில் தலையணை ஏதும் இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைத்தேன். அவள் மறுபடி தூங்க முக்கால் மணி நேரம் ஆனது. அது வரை எனக்கு எடுத்து வைத்த சாப்பாட்டை அத்தை தட்டு போட்டு மூடிவைத்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே திரும்பிப் போவதைப் பற்றிப் பேசினோம். அதை இரண்டு நாளாகப் பிரித்து, நடுவில் ஒரு ராத்திரி எங்காவது தங்கிப் போகலாம் என்று அத்தைதான் சொன்னார்.